தேம்ஸ் ஆற்றில் ஒரு நாள்: முதன்முறை படகு ஓட்டுபவர்களுக்கு

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு தேம்ஸ் என்றால் டவர் பிரிட்ஜும், அதன் அடியில் போகும் சுற்றுலாப் படகும்தான். அது ஆற்றின் கடைசிப் பகுதி. கடலின் ஏற்றவற்றம் மேற்கே டெடிங்டன் லாக்கோடு நின்றுவிடுகிறது. (லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டி.) டெடிங்டனையும் சேர்த்து, மேலே லெச்லேட் ஊர் வரைக்கும் 44 லாக்குகள் இருக்கின்றன. இந்தப் பகுதியில்தான் ஆறு அமைதியாக, புல்வெளிகளுக்கும் மரங்களுக்கும் நடுவில் ஓடுகிறது. இங்கே ஒரு சின்னப் படகை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். ஓட்டுபவருக்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். படகை உங்களிடம் ஒப்படைக்கும்போது சொல்லித் தருவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டால் போதும்.

அப்படிப் போக நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஹென்லி என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து ஓட்டத்தோடு கீழே, ஹர்லி கிராமம் வரை போய்த் திரும்பும் பாதையை எடுத்துக்கொள்கிறேன். முதல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான தூரம் இல்லை என்பது என் கருத்து.

தூரத்தைக் குறையுங்கள்

வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஹென்லியில் ஏறினால் வின்ட்சர் கோட்டை வரை போய்விட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம்" என்று திட்டம் போடுபவர்கள் உண்டு. காரில் அரை மணி நேரம்தானே என்று தோன்றும். ஆற்றில் அது நடக்காது. டெடிங்டனுக்கு மேலே வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். வேகமாக நடக்கும் ஒருவரின் வேகம் அது. கரையில் நாயோடு நடப்பவர் உங்களை முந்திக்கொண்டு போவார். அதற்குமேல் ஒவ்வொரு லாக்கிலும் இருபது நிமிடமாவது போகும். கோடை விடுமுறையின் சனி, ஞாயிறுகளில் வரிசையில் நின்றால் இன்னும் கூடும்.

ஹென்லி பாலத்திலிருந்து ஹர்லி லாக் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். நடுவில் ஹேம்பிள்டன் லாக் ஒன்றுதான். நிதானமாகப் போனால் இரண்டு மணி நேரம். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மதியம் பன்னிரண்டுக்கு ஹர்லி, இரண்டு மணி நேரம் சாப்பாடும் நடையும், நாலரை மணிக்குள் திரும்பி ஹென்லி. நடுவில் வழி தவறி ஒரு புதரில் முட்டி நின்றாலும் பதறாமல் இருக்கும் அளவுக்கு நேரம் மிச்சம் இருக்கும். மார்லோ வரை போக வேண்டுமென்றால் இன்னும் இரண்டு லாக்குகள் தாண்ட வேண்டும்: ஹர்லியும் டெம்பிளும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். பழகியவர்களுக்கு அது சரி. முதல்முறை போகிறவர்கள், படகைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் நெருங்குகிறதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். அவசரத்தில்தான் லாக்குகளில் கை கால் நசுங்குகிறது.

படகு பிடிப்பது

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பருவம். வாரநாளில் போக முடிந்தால் போங்கள். ஆறும் லாக்குகளும் காலியாக இருக்கும். நாள் வாடகைப் படகுகளில் டீசல் இன்ஜினும் உண்டு, மின்சாரப் படகும் உண்டு. மின்சாரப் படகில் சத்தமே இருக்காது. பேசிக்கொண்டு போகவும், நாணலுக்குள் பறவை கத்துவதைக் கேட்கவும் அதுதான் நல்லது. கூரை இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கிலாந்தின் மழைக்கு மட்டுமல்ல, ஜூலை வெயிலுக்கும் கூரை வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு பயணம் என்றால் சித்தப்பா குடும்பமும் அத்தை குடும்பமும் சேர்ந்துவிடும். படகை வாடகைக்குத் தருபவர் சொல்லும் எண்ணிக்கை என்பது கைக்குழந்தையையும் சேர்த்துத்தான். பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் போனால், தகுதிச் சான்று பெற்ற ஓட்டுநரோடு வரும் பெரிய படகைத்தான் எடுக்க வேண்டும். கூட்டம் அதிகமென்றால் இரண்டு சின்னப் படகுகளாகப் பிரிந்து போகலாம். அதில் ஒரு வசதி, லாக்கில் இரண்டும் ஒன்றாகவே நுழையலாம்.

ஆற்றில் ஓடும் எல்லாப் படகும் அரசின் சுற்றுச்சூழல் முகமையில் (Environment Agency) பதிவு செய்திருக்க வேண்டும். வாடகைப் படகென்றால் அது உரிமையாளரின் பொறுப்பு. நண்பரின் படகிலோ, நீங்களே வாங்கிய காற்றடைத்த படகிலோ போனால் அந்தப் பதிவு உங்கள் பொறுப்பு.

கிளம்புவதற்கு முந்தின நாள் பார்க்க வேண்டியது ஆற்றின் நீரோட்டம். அரசாங்க இணையதளத்தில் ஒவ்வொரு லாக்குக்கும் இடையிலான பகுதிக்கு நிலை போட்டிருப்பார்கள். லாக்கிலும் பலகை தொங்கும். சிவப்புப் பலகை என்றால் ஓட்டம் பலமாக இருக்கிறது, எந்தப் படகும் போக வேண்டாம் என்று பொருள். மஞ்சள் பலகையில் இரண்டு வகை: ஓட்டம் கூடுகிறது, ஓட்டம் குறைகிறது. துடுப்புப் படகுகள் இரண்டிலுமே போகக்கூடாது. இன்ஜின் படகுகள், ஓட்டம் கூடும்போது பாதுகாப்பான இடம் பார்த்துக் கட்டிவிட வேண்டும், குறையும்போது எச்சரிக்கையோடு போகலாம் என்பதுதான் அறிவுரை. உங்களுக்கு மேலே வானம் நீலமாக இருக்கும்; ஆனால் மூன்று நாள் முன்பு ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கம் பெய்த மழை இன்று ஹென்லியைக் கடந்துகொண்டிருக்கும். அதனால் வெயிலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டு தேதிகளையும் கவனியுங்கள். 1839-இல் தொடங்கிய ஹென்லி ராயல் ரெகாட்டா துடுப்புப் போட்டி ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தை ஒட்டி நடக்கும். போட்டிக்கு வெகு முன்பிருந்தே ஆற்றில் கம்பங்கள் நட்டுப் பாதையைப் பிரித்துவைத்திருப்பார்கள். பழகிய பிறகு அந்தத் திருவிழாவைப் படகிலிருந்தே பார்க்கலாம். முதல் பயணத்துக்கு அந்த வாரம் வேண்டவே வேண்டாம். ஜூலை மூன்றாவது வாரத்தில் அன்னங்களைக் கணக்கெடுக்கும் பழைய சடங்கு சன்பரியிலிருந்து ஆபிங்டன் வரை இந்த வழியாகவே போகும். கொடி கட்டிய துடுப்புப் படகுகள் அணியாக வருவதைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். குழந்தைகளுக்கு அது நல்ல காட்சி.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

வழுக்காத அடிப்பாகமுள்ள செருப்போ ஷூவோ எல்லோர் காலிலும் இருக்கட்டும். சேலையும் வேட்டியும் படங்களுக்கு அழகாக இருக்கும். ஆனால் லாக்கில் கயிறு பிடிக்கப் போகிறவர் கால்சட்டையில் இருப்பதுதான் பாதுகாப்பு. வெயில் அடித்தாலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும். தண்ணீருக்கு மேல் காற்று எப்போதும் கொஞ்சம் குளிரும். தொப்பி, சன்ஸ்கிரீன், போன் வைக்கத் தண்ணீர் புகாத பை.

சாப்பாட்டுக்கு புளியோதரையும் எலுமிச்சை சாதமும் போல ஏற்றது எதுவும் இல்லை. சூடாக்க வேண்டாம், சிந்தினால் துடைக்கலாம். குழம்பு, ரசம் எல்லாம் வேண்டாம். கை கழுவத் தனியாக ஒரு கேன் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். ஆற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கயிறெல்லாம் அந்தத் தண்ணீரில் ஊறியது. கயிற்றைப் பிடித்த கையோடு சோற்றைப் பிசையக்கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் வாடகைப் படகுகள் பலவற்றில் கழிப்பறை இருக்காது. எங்கே நிறுத்தினால் வசதி இருக்கிறது என்று படகு எடுக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் இதை வைத்துத்தான் திட்டமே போட வேண்டும்.

லண்டனிலிருந்து வருபவர்கள் பேடிங்டனில் ரயில் ஏறி, ட்வைஃபர்டில் மாறி, ஹென்லி ஆன் தேம்ஸ் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஆறு சில நிமிட நடைதான்.

முதல் பத்து நிமிடம்

லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் நாள் முழுக்க அது உடம்பில் இருக்க வேண்டும். படகில் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கயிறு பிடிப்பவருக்கும் அதே விதிதான்.

கார் ஓட்டிப் பழகியவர்கள் மூன்று விஷயங்களை மறக்க வேண்டும். ஒன்று, படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்கு வந்து, பிறகு ரிவர்ஸ் கொடுக்க வேண்டும். அப்படியும் உடனே நிற்காது. இரண்டு, படகு பின்பக்கத்திலிருந்து திரும்பும். இடது பக்கம் வளைத்தால் மூக்கு இடது பக்கம் போகும், அதே நேரத்தில் பின்பக்கம் வலப்பக்கமாக வீசும். கரையை ஒட்டி நின்றுவிட்டுச் சட்டென்று சக்கரத்தைத் திருப்பினால் பின்பக்கம் கரையில் மோதும். மூன்று, புரொப்பெல்லர் சுழன்றால்தான் படகு சக்கரத்துக்குக் கட்டுப்படும். நியூட்ரலில் மிதக்கும்போது எவ்வளவு திருப்பினாலும் படகு கேட்காது. அதனால் மெதுவாகப் போவது வேறு, சுத்தமாக விட்டுவிடுவது வேறு.

ஓட்டுவதற்கு முன் ஆள் இல்லாத அகலமான இடத்தில் இதையெல்லாம் ஒருமுறை செய்து பாருங்கள். சக்கரத்தைத் திருப்பி, படகு மெல்ல யோசித்துவிட்டுத் திரும்புவதைக் கவனியுங்கள். அது திரும்பத் தொடங்கியதுமே சக்கரத்தை நேராக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேவைக்கு மேல் சுற்றிவிடும். புதிதாக ஓட்டுபவர்களின் படகு பாம்பாக நெளிவதற்கு இதுதான் காரணம். கால் மணி நேரத்தில் கை பழகிவிடும்.

ஆற்றின் சாலை விதிகள்

இங்கிலாந்தின் சாலையில் இடப்பக்கம், ஆற்றில் வலப்பக்கம். எதிரே படகு வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஹார்ன் சத்தம் ஒருமுறை சுருக்கமாகக் கேட்டால் அவர் வலப்பக்கம் திரும்புகிறார், இரண்டு முறை என்றால் இடப்பக்கம், மூன்று முறை என்றால் ரிவர்ஸ் எடுக்கிறார். ஆற்றில் மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு மிதவை உங்களுக்கு இடப்பக்கமும் பச்சை மிதவை வலப்பக்கமும் இருக்க வேண்டும். கீழ்நோக்கி வரும்போது இது தலைகீழ். முதலில் ஹர்லி நோக்கிக் கீழே போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். படகின் அலை கரையில் போய் உடைகிறதா? அப்படியென்றால் வேகம் அதிகம். அந்த அலை கரை மண்ணை அரிக்கும், கட்டியிருக்கும் படகுகளை ஆட்டும், அங்கே அடுப்பில் கொதிக்கும் கெட்டிலைக் கவிழ்க்கும். முட்டையிட்டிருக்கும் நீர்க்கோழியின் கூடு தண்ணீர் மட்டத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். வேகமாகப் போகும் ஒரே ஒரு படகு அந்தக் கூட்டை முழுக வைத்துவிடும். வேக வரம்புக்குள் இருந்தாலும் அலை எழுந்தால் இன்னும் குறையுங்கள்.

ஹென்லி என்பது துடுப்பு வீரர்களின் ஊர். பாலத்தின் அருகிலேயே 1818-இல் தோன்றிய லியாண்டர் கிளப் இருக்கிறது. நீளமான மெல்லிய படகில் எட்டுப் பேர் அம்பு மாதிரி வருவார்கள். துடுப்பு போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள். ஒற்றை ஆள் படகாக இருந்தால் அவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாமல் போகலாம். நீங்கள் செய்ய வேண்டியது, நேர்க்கோட்டில் ஒரே வேகத்தில் போவது. பயந்து இங்கும் அங்கும் திருப்பினால்தான் அவர்களுக்குச் சிக்கல். நீந்துபவர்களும் இருப்பார்கள், இடுப்பில் கட்டிய ஆரஞ்சு நிற மிதவையைத் தேடிப் பாருங்கள். கரையில் தூண்டில் போட்டிருப்பவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, நூலில் மாட்டாமல் ஆற்றின் நடுப்பக்கம் விலகிப் போங்கள். ஒரு கை அசைப்பு கட்டாயம். ஆற்றில் எல்லோரும் எல்லோருக்கும் கை அசைப்பார்கள்.

ஹென்லியிலிருந்து ஹேம்பிள்டன் வரை

படகு எடுக்கும் இடம் பாலத்துக்கு மேலே இருந்தால் முதல் வேலையே ஹென்லி பாலத்தைத் தாண்டுவதுதான். 1786-இல் கட்டி முடித்த ஐந்து வளைவுக் கல்பாலம். எந்த வளைவு வழியாகப் போக வேண்டும் என்று அடையாளம் போட்டிருக்கும். நடு வளைவின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய முகங்கள் இருக்கின்றன. ஆன் டாமர் என்ற பெண் சிற்பி செதுக்கியவை. ஒன்று தேம்ஸ், மற்றொன்று ஐசிஸ் (ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கம் இந்த ஆற்றுக்கு வழங்கும் பெயர்). ஓட்டுபவர் பார்க்க வேண்டாம், மற்றவர்கள் நிமிர்ந்து பாருங்கள்.

பாலம் தாண்டியதும் ஆறு நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். போட்டி நடப்பது இந்த நேர்ப்பகுதியில்தான். அதன் முடிவில் ஒரு தீவும், தீவில் வெள்ளையாக ஒரு சின்ன மண்டபமும் தெரியும். அது டெம்பிள் தீவு. 1771-இல் ஜேம்ஸ் வயட் வடிவமைத்தது. பெயர் கோயில் என்றாலும் அது மீன்பிடிக்க வந்து தங்குவதற்காகக் கட்டியது. தலைக்கு மேலே பிளவுபட்ட வாலோடு சிவந்த பருந்துகள் வட்டமிடும். இங்கிலாந்தில் அற்றுப்போன இந்தப் பறவையை 1989-இலிருந்து சில்டர்ன் மலைப்பகுதியில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். இன்று எண்ணி மாளாத அளவுக்கு இருக்கின்றன.

ஆறு வலப்பக்கம் வளைந்ததும் இடது கரையில் கிரீன்லாண்ட்ஸ் என்ற பெரிய வெள்ளை மாளிகை. அதைக் கண்டதும் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், லாக் வருகிறது. இங்கே ஆறு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் தடுப்பணையும் பழைய மாவு மில்லும், வலப்பக்கம் லாக். அம்புக்குறிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் இருக்கும். தடுப்பணைப் பக்கம் ஒருபோதும் போகக்கூடாது. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் சமதளமாக, சாதுவாகத்தான் தெரியும். விழும் இடம் கண்ணுக்குத் தெரியாது, இழுப்பு மட்டும் இருக்கும்.

லாக்: இந்த நாளின் இதயம்

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு பெரிய கல்தொட்டி. மேல் ஆறும் கீழ் ஆறும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். படகு உள்ளே வந்ததும் மேல்கதவை மூடி, கீழ்ப்பக்க மதகைத் திறந்து தண்ணீரை வடிய விடுவார்கள். தொட்டியின் மட்டம் கீழ் ஆற்றோடு சமமானதும் கீழ்க்கதவு திறக்கும். இரண்டு பக்கமும் சமமாகும் வரை கதவை யாராலும் திறக்க முடியாது, தண்ணீரின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். தேம்ஸில் இந்த வகை லாக்குகள் முதலில் 1630-களில் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி வந்தன. ஹேம்பிள்டன், ஹர்லி, டெம்பிள், மார்லோ நான்கும் 1773-இல் கட்டியவை. அதற்கு முன்பெல்லாம் தடுப்பணையில் ஒரு வாயிலைத் திறந்து, பாயும் தண்ணீரோடு படகைக் கீழே விடுவார்கள். மேலே வர வேண்டிய படகைக் கரையில் சுழலும் உருளையில் கயிறு கட்டி இழுப்பார்கள். அப்படியொரு உருளையை ஹர்லியில் இன்றும் பார்க்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. லாக்குக்கு முன்னால், காத்திருக்கும் படகுகளுக்கென்று கரையோரம் இடம் இருக்கும். கதவு மூடியிருந்தால் அங்கே ஒதுங்கிக் கட்டுங்கள். வந்த வரிசையில்தான் போக வேண்டும். கதவு திறந்து உள்ளிருக்கும் படகுகள் எல்லாம் வெளியே வந்த பிறகு, லாக் பணியாளர் கை காட்டியதும் மெதுவாக நுழையுங்கள். அதற்குள் படகின் இரு பக்கமும் ஃபெண்டர் என்ற ரப்பர் உருளைகளைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கையில் கயிறோடு தயாராக இருக்க வேண்டும். பணியாளர் எந்தப் பக்கம் என்று சொல்வார்.

சுவரோரம் வந்ததும் கயிற்றைக் கரையிலுள்ள குட்டைத் தூணைச் சுற்றி எடுத்து, நுனியைத் திரும்பக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போடவே கூடாது. முன்கயிறு, பின்கயிறு இரண்டுமே வேண்டும். இன்ஜினை அணைத்துவிட வேண்டும், பாட்டையும்தான், பணியாளர் சொல்வது காதில் விழ வேண்டும். சிகரெட்டோ அடுப்போ எரியக்கூடாது, பக்கத்துப் படகில் பெட்ரோல் இருக்கலாம்.

தண்ணீர் இறங்கும்போது கிணற்றில் வாளி இறக்குவது போல, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வாருங்கள். முடிச்சுப் போட்டிருந்தால் தண்ணீர் இறங்கிவிடும், படகு மட்டும் கயிற்றில் தொங்கிச் சாயும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் அதே அளவு ஆபத்து, விரல் போய்விடும். படகு சுவரில் மோதப் போகிறது என்று கையையோ காலையோ கொடுத்துத் தள்ளாதீர்கள். மோதட்டும், அதற்குத்தான் ஃபெண்டர்.

கீழிறங்கும்போது இன்னொன்றும் உண்டு. மேல்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நிறைந்திருக்கும்போது தெரியாது. படகின் பின்பக்கம் அதன்மேல் இருந்தால், தண்ணீர் வடியும்போது அது படியில் உட்கார்ந்துகொள்ளும், மூக்கு மட்டும் கீழே போகும். படகு கவிழ்வது இப்படித்தான். சுவரில் அந்தப் படியின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் உங்கள் பின்பக்கம் வந்துவிட்டதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது மாட்டிக்கொண்டால் தயங்காமல் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள், உடனே மதகை மூடுவார்கள்.

திரும்பி வரும்போது மேலே ஏறுவீர்கள். அப்போது தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே வரும். படகு முன்னும் பின்னும் இழுக்கும். இப்போது கயிற்றை விடாமல், தொய்வு விழ விழ இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்கயிறு பிடிப்பவர் பலமானவராக இருக்கட்டும்.

பணியாளர் இல்லாத நேரங்களில், முக்கியமாக மதியச் சாப்பாட்டு வேளையில், சுயசேவைப் பலகை தொங்கும். இந்தப் பகுதி லாக்குகளில் மின்விசை இருப்பதால் கரையிலுள்ள பெட்டியில் எழுதியிருக்கும் வரிசைப்படி யார் வேண்டுமானாலும் இயக்கலாம். முதல்முறை என்றால், பழகிய படகுக்காரர் ஒருவர் வரும்வரை காத்திருந்து அவரோடு சேர்ந்து செய்யுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

கரையில் கட்டுவது

ஹேம்பிள்டன் தாண்டினால் கிராமப்புறம்தான். ஆஸ்டன், பிறகு மெட்மென்ஹம். புல்வெளியில் மாடுகள் தண்ணீரில் இறங்கி நிற்கும். ஹர்லியில் எங்கே கட்டலாம் என்று லாக் பணியாளரிடமே கேளுங்கள். தனியார் கரைகளில் கட்டக்கூடாது. கட்டும் இடத்திலுள்ள பலகையில் எத்தனை மணி நேரம், கட்டணம் உண்டா என்று எழுதியிருக்கும்.

எப்போதும் ஓட்டத்தை எதிர்த்துப் பார்த்தபடிதான் கரை சேர வேண்டும். ஓட்டத்தோடு வந்து நிறுத்தப் பார்த்தால் ஆறு உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். நீங்கள் கீழ்நோக்கி வருவதால், கட்டும் இடத்தைத் தாண்டிப் போய், அகலமான இடத்தில் திரும்பி, எதிர்நீரில் மெல்ல மேலேறி வாருங்கள். அப்போது ஓட்டமே உங்களுக்கு பிரேக். முன்கயிறோடு ஒருவர் கரையில் காலெடுத்து வைக்கட்டும். குதிக்கக்கூடாது. படகு கரையைத் தொடவில்லையென்றால் இன்னொரு சுற்று வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முன்கயிறு முதலில், பின்கயிறு அடுத்து. இங்கே முடிச்சுப் போடலாம். கிளம்பும்போது பின்கயிற்றை முதலில் அவிழ்த்து, முன்கயிற்றைக் கடைசியில் எடுத்து, மூக்கை வெளியே தள்ளிவிட்டால் ஓட்டம் அதைத் திருப்பிவிடும்.

ஹர்லி சின்னக் கிராமம். பழைய புனித மேரி தேவாலயமும், பக்கத்தில் வட்டமான கல் புறாக்கூண்டும் இருக்கின்றன. அங்கிருந்து டெம்பிள் லாக் வரை கரையோரம் நடந்துபோய் வரலாம், ஒரு கிலோமீட்டர்தான். அன்னங்களுக்கும் வாத்துகளுக்கும் மிச்சச் சோற்றைக் கொட்டாதீர்கள். குஞ்சுகளோடு இருக்கும் அன்னத்துக்கும் கரைக்கும் நடுவில் படகைக் கொண்டுபோகவும் வேண்டாம், ஆண் அன்னம் இறக்கையை விரித்துக்கொண்டு வரும்.

யாராவது தண்ணீரில் விழுந்தால்

முதல் வேலை, இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. புரொப்பெல்லர்தான் பெரிய ஆபத்து. அடுத்து மிதவை வளையத்தையோ கயிற்றையோ எறியுங்கள். ஒருவர் விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் பின்னால் குதிக்கக்கூடாது. விழுந்தவர் உடனே நீந்த முயல வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மூச்சு வாங்கும், அது அடங்கும்வரை மல்லாந்து மிதக்க வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ஓட்டத்தை எதிர்த்தபடி மெதுவாக நெருங்கி, அருகில் போனதும் இன்ஜினை முழுக்க அணைத்துவிட்டு ஏற்றுங்கள். உங்களால் முடியாதென்றால் 999. உள்நாட்டு ஆறுகளில் கேட்க வேண்டியது தீயணைப்புத் துறையை. எந்த இரண்டு லாக்குகளுக்கு இடையில், எந்தக் கரை என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திரும்பும் வழி, அடுத்த முறை

திரும்பும்போது ஓட்டம் எதிராக இருக்கும், காலையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவதால் ஹேம்பிள்டனில் மாலையில் வரிசை இருக்கலாம். அங்கே காத்திருக்கும் நேரத்தில் தடுப்பணை மேலுள்ள நடைபாதையில் போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், படகில் ஒருவரை வைத்துவிட்டு. கீழே வெள்ளமாகப் பாயும் தண்ணீரில் கயாக் ஓட்டுபவர்கள் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். எந்தத் தண்ணீரிலிருந்து லாக் நம்மைக் காப்பாற்றியது என்பது அப்போது புரியும்.

படகைக் கொடுக்கும்போது கயிறுகளைச் சுருட்டி வையுங்கள், குப்பையை உங்களோடு எடுத்துப் போங்கள். எங்காவது மோதியிருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த வாடகைக்காரரின் பாதுகாப்பு அது.

பிடித்துப்போனால் அடுத்த முறை சீக்கிரம் கிளம்பி மார்லோ வரை போங்கள். அங்கே 1832-இல் முடிந்த தொங்கு பாலத்தைப் படகிலிருந்து பார்க்க வேண்டும். அதை வடிவமைத்த வில்லியம் டியர்னி கிளார்க்தான் புடாபெஸ்டில் டான்யூப் மேலுள்ள சங்கிலிப் பாலத்தையும் வடிவமைத்தார். இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ராயல் யாட்டிங் அசோசியேஷன் உள்நாட்டு நீர்வழிகளில் படகு ஓட்டுவதற்கென்றே ஒரு குறுகிய பயிற்சி வைத்திருக்கிறது. வெளிநாட்டு ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஓட்ட விரும்பினால் அந்த நாட்டில் என்ன சான்றிதழ் கேட்பார்கள் என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.